கண்ணை மூடச் சொன்ன விசில்

இந்த மிதிவண்டி வழங்கும் விழாவுக்குத் தலைமை ஏற்று, காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடியாடிக் கொண்டிருக்கிற, பரிவும் கண்டிப்பும் பாதிக்குப் பாதியாய்க் கலந்த நம் தலைமை ஆசிரியர் பரிமளா அம்மையார் அவர்களே! கேட்டதைக் கொடுப்பவர், கேட்காவிட்டால் ஏன் கேட்கவில்லை என்று கோபித்துக்கொள்பவர், ஊராட்சி மன்றத் தலைவர் அண்ணன் சிவசுப்பிரமணியன் அவர்களே! என்னையும் என் விசிலையும் இத்தனை ஆண்டுகள் பொறுத்துக்கொண்ட ஆசிரியப் பெருமக்களே! மக்காச்சோளத்தையும் பருத்தியையும் பாதிக் காட்டோடு விட்டுவிட்டு, பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வந்திருக்கிற பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையை முந்தானையில் முடிந்துகொண்டு அமர்ந்திருக்கிற தாய்மார்களே! வரிசையில் மின்னுகிற அந்த வண்டிகளையே பார்த்தபடி, இந்த மனிதர் எப்போது பேசி முடிப்பார் என்று ஏங்கிக்கொண்டிருக்கிற என் பதினோராம் வகுப்புச் செல்வங்களே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்த எளியவனின் இரு கை கூப்பிய வணக்கம்.

எனக்குப் பத்து நிமிடம் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறார்கள். போட்டவருக்கு என்னைத் தெரியாது போலிருக்கிறது. நான் அறிவரசன், இந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். எனக்கு விசில் சார் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அது எனக்குத் தெரியாது என்று மாணவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தெரியும் தம்பி, இருபத்தெட்டு வருடமாகத் தெரியும்! இன்னும் நான்கு மாதத்தில் ஓய்வு பெறப்போகிறேன். போகிற போக்கில் பொன்னாடை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

ஏன் முடியவில்லை? அதோ பாருங்கள், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில். அங்கே அறுபத்து நான்கு வண்டிகள் நிற்கின்றன. அறுபத்து மூன்றில் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கிறது, கடைசி வண்டியில் இல்லை. அது பதினோராம் வகுப்பு மாணவி வெற்றிச்செல்விக்கு வந்த வண்டி. போன வாரம் அவளுடைய அப்பா ஒரு கடிதம் கொடுத்தார். ‘என் மகளுக்கு மிதிவண்டி வேண்டாம், திருப்பி அனுப்பிவிடவும். இப்படிக்கு அய்யாக்கண்ணு, கொத்தனார்.’ அவ்வளவுதான் கடிதம். இன்று மாலைக்குள் அவர் மனம் மாறாவிட்டால் வண்டி கல்வி ஆபீசுக்குத் திரும்பிப் போய்விடும். அந்தப் பெண் நேற்று என்னிடம் வந்து கேட்டாள், “சார், அப்பாகிட்ட ஒரே ஒரு வாட்டி நீங்க சொல்லிப் பாருங்களேன்” என்று. அதற்காகத்தான் இந்த ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறேன்.

அய்யாக்கண்ணு மூன்றாவது வரிசையில் பச்சைத் துண்டோடு உட்கார்ந்திருக்கிறார். திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள், அவர் கூச்சப்படுகிறவர். அய்யாக்கண்ணு, உங்களை மேடையில் வைத்து மடக்க நான் வரவில்லை. வண்டி வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்த முடிவை எடுக்க உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு சங்கதி இருக்கிறது. அது என்னிடம் மூன்று வருடமாக மாட்டிக்கொண்டிருக்கிறது.

வெற்றிச்செல்வியை உங்களில் பலருக்குத் தெரியும். காதுக்குப் பின்னால் ஒரு கருவி மாட்டியிருப்பாளே, அந்தப் பெண்தான். பதினோரு மாதக் குழந்தையாய் இருக்கும்போது மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தது, செவி போயிற்று. நான்கு வயதில் அரசாங்கக் காப்பீட்டில் திருச்சியில் அறுவை சிகிச்சை செய்து உள்ளே ஒரு கருவி பொருத்தினார்கள். இப்போது கேட்கிறாள், பேசுகிறாள். பேசுகிறாள் என்றா சொன்னேன்? வகுப்பில் பேசியதற்காக வெளியே நிறுத்தப்பட்டவர்கள் பட்டியலில் முதல் மூன்று இடத்துக்குள் இருக்கிறாள்! காது கேட்காத பிள்ளை வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள் என்று புகார் வருவதைவிட ஓர் ஆசிரியனுக்கு வேறென்ன சந்தோஷம் வேண்டும்?

அவள் எட்டாம் வகுப்பு படித்த ஆண்டு. சுதந்திர தினத்துக்கு மனிதக் கோபுரம் கட்டலாம் என்று நான் கிளம்பினேன். கீழே ஆறு பேர், அவர்கள் தோளில் மூன்று பேர், உச்சியில் ஒருத்தி. உச்சியில் யாரை ஏற்றுவது? அதற்கு நான் ஒரு சோதனை வைத்திருந்தேன். எல்லாப் பெண்களையும் கையை விரித்துத் தட்டாமாலை சுற்றச் சொல்வேன். பதினைந்து சுற்று முடிந்ததும் விசில் ஊதுவேன். சுற்றி முடித்தவர்கள் என்ன ஆவார்கள்? ஒருத்தி வேலிக்குப் போவாள், ஒருத்தி வேப்ப மரத்தைக் கட்டிப்பிடிப்பாள், ஒருத்தி என் மேலேயே வந்து சாய்வாள். யார் ஆடாமல் நிற்கிறாளோ அவளே உச்சிக்குரியவள். இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத, என் சொந்தச் சோதனை. அதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

விசில் ஊதினேன். அத்தனை பேரும் தள்ளாடினார்கள், வெற்றிச்செல்வி தள்ளாடவில்லை. இன்னும் பதினைந்து சுற்றச் சொன்னேன். சுற்றினாள், நின்றாள், நேராக நடந்து வந்து, “அவ்ளோதானா சார்?” என்று கேட்டாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. இந்தப் பிள்ளைக்குத் தலையே சுற்றாதா? இப்படி ஒரு சமநிலையா? இவளைவிட்டால் உச்சிக்கு யார் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். தாய்மார்களே, என் வாழ்நாளில் நான் செய்த மிகப் பெரிய முட்டாள்தனம் அந்த நிமிடத்தில் நடந்தது. எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

பதினோரு நாள் பயிற்சி நடந்தது. பதினோரு நாளும் ஏறினாள், நின்றாள், கையை விரித்தாள், இறங்கினாள். ஒரு நாளாவது ஆடினாளா? இல்லை. சறுக்கினாளா? இல்லை. பதினைந்தாம் தேதி காலையில் கொடியேற்றினோம், மிட்டாய் கொடுத்தோம், கோபுரம் எழுந்தது. வெற்றிச்செல்வி உச்சியில் நின்று கையை விரித்தாள், கூட்டம் கைதட்டியது. அடுத்த நொடி அவள் வெட்டிப்போட்ட கிளை போலப் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள். கீழே கயிற்றுப் பாய் விரித்திருந்தோம். அதனால் தலை தப்பியது, இடது கை எலும்பு முறிந்தது.

பள்ளிப் பதிவேட்டில் ‘கால் வழுக்கியதால் விழுந்தார்’ என்று எழுதியிருக்கிறது. எழுதியவன் நான்தான். கீழே நின்ற பிள்ளைகளை, “ஒழுங்கா நிக்கத் தெரியாதா?” என்று திட்டியவனும் நான்தான். பரிமளா அம்மா என்னைப் பார்க்கிறார்கள். அம்மா, இன்னும் பாதிதான் சொல்லியிருக்கிறேன், மீதியையும் கேட்டுவிட்டு மொத்தமாக விளக்கம் கேளுங்கள்.

கைக்குக் கட்டுப் போட்டதும், உள்ளே இருக்கிற கருவிக்குச் சேதமா என்று பார்க்கத் திருச்சிக்கு அழைத்துப் போனோம். அங்கே பிரவீணா என்று ஒரு காது மருத்துவர். வயது முப்பது இருக்கும், கேள்விகளோ நூறு வயதுக்காரர் கேட்பது போல. கருவி நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. வெற்றிச்செல்வியின் அம்மா சாந்தாவைப் பார்த்து, “பாப்பா எத்தன வயசுல நடந்தா?” என்று கேட்டார்.

“ரெண்டே கால் வயசு ஆயிடுச்சுங்க. காய்ச்சலுக்கு முன்னாடி நல்லாத்தான் ஒக்காந்தா. அப்பறம் கழுத்தே நிக்காம போயி, திரும்ப மொதல்லேருந்து பழகுனா.”

“இருட்டுல எப்படி இருப்பா?”

சாந்தா அம்மா மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னார். “கரண்டு போனா நின்ன எடத்துலயே ஒக்காந்துக்குவாங்க. எந்திரிடின்னா எந்திரிக்க மாட்டா. வூட்டுக்குள்ள நாலு எட்டு வெச்சு வர மாட்டா. அடம் புடிக்கிறான்னு நெனச்சேன். அதுக்காக அடிச்சிருக்கேன் டாக்டரு. நெறயா அடிச்சிருக்கேன்.” சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தப் பெண் மட்டும், “அம்மா, பரவால்லம்மா, இப்ப வலிக்கல” என்று கட்டுப் போட்ட கையால் அம்மாவைத் தட்டிக்கொடுத்தாள்.

மருத்துவர் அவளைத் தரையில் நிற்கச் சொன்னார். நின்றாள். கண்ணை மூடச் சொன்னார், உடம்பு ஆட ஆரம்பித்தது. ஒரு பஞ்சு மெத்தையின் மேல் நிறுத்திக் கண்ணை மூடச் சொன்னார். மூடிய மாத்திரத்தில் சாய்ந்தாள், மருத்துவர் தாங்கிப் பிடித்தார். பிடித்துக்கொண்டே, “இவளுக்குத் தலை சுத்தவே சுத்தாதே?” என்று கேட்டார். ஆமாம் என்று பெருமையாகத் தலையாட்டினேன். “சார், தலை சுத்தாதது பலம் இல்ல. தலை சுத்துறதுக்கும் உள்ள ஒரு உறுப்பு வேலை செய்யணும். இவளுக்கு அது வேலை செய்யல” என்றார். நான் எதைத் திறமை என்று நினைத்து அவளை உச்சியில் ஏற்றினேனோ, அதுவே அவளுடைய குறை!

பெரியோர்களே! காதுக்கு எத்தனை வேலை? கேட்பது ஒன்றுதான் என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை, இரண்டு வேலை. உள்காதில் நத்தைக் கூடு போலச் சுருண்ட ஒரு பகுதி நமக்கு ஓசையைத் தருகிறது. அதை ஒட்டினாற்போல நீர் நிறைந்த மூன்று வளையக் குழாய்கள் இருக்கின்றன, நாம் தலையைத் திருப்பினால் அந்த நீர் அசைந்து சொல்லும். குழாய்களின் அடியில் இரண்டு குட்டிப் பைகள், அவற்றில் தூளினும் தூளாகச் சின்னச் சின்னக் கற்கள். அவை எந்தப் பக்கம் சரிகின்றனவோ அதை வைத்துத்தான் மேல் எது, கீழ் எது என்று உடம்பு தெரிந்துகொள்கிறது. அந்தக் கற்கள் எதனால் ஆனவை தெரியுமா? சுண்ணாம்புக்கல் எதனால் ஆனதோ அதே பொருளால்! அரியலூர்ப் பக்கம் லாரி லாரியாக வெட்டிக்கொண்டு போகிறார்களே, அதில் ஒரு சிட்டிகைகூட வராத அளவு, இங்கே இருக்கிற ஒவ்வொருவர் காதுக்குள்ளும் இருக்கிறது. நம் ஊர் ரோட்டில் புழுதி பறக்கிறதே என்று சலித்துக்கொள்கிறோம், நம்மை நிமிர்த்தி வைத்திருப்பதும் அதே சுண்ணாம்புப் பொடிதான்.

என்ன தம்பி, காதைக் குடைந்தால் கல் வருமா என்றா கேட்கிறாய்? வராது. குடையாதே.

வெற்றிச்செல்விக்கு வந்த காய்ச்சல் ஓசை கேட்கும் பகுதியோடு இந்தக் குழாய்களையும் பைகளையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது. உள்ளே வைத்த கருவி ஓசையைத் திருப்பித் தந்தது, நிலையைத் தரவில்லை. மருத்துவர் இதைப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது கதவோரம் நின்றிருந்த அய்யாக்கண்ணு ஒரு கேள்வி கேட்டார். “அப்ப, எம் பொண்ணுக்கு ரசமட்டம் போச்சுங்களா?”

ரசமட்டம் என்றால், கொத்தனார்கள் சுவரின் மேல் வைத்துப் பார்ப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் நீர்க்குமிழி ஓடுகிற மட்டப்பலகை, அதுதான். மருத்துவர் படத்தை மடித்து வைத்துவிட்டார். “அதேதாங்க! இனிமே வர்றவங்களுக்கு நானும் அப்படியே சொல்றேன். சரி, ரசமட்டம் ஒடஞ்சு போன அன்னிக்கு நீங்க வேலைய நிறுத்திடுவீங்களா?”

“எப்படிங்க நிறுத்துறது? நூல் கட்டிப்பேன். தூக்குக்குண்டு விட்டுப் பாப்பேன். கண்ணால பாத்துக் கையால தடவிக் கட்டிடுவேன்.”

“உங்க பொண்ணும் அதத்தான் செய்யுறா. கண்ணு இருக்கு, பாதம் இருக்கு. ரெண்டையும் வெச்சு இத்தன வருஷம் யாருக்கும் தெரியாம நின்னுருக்கா. இன்னும் நல்லாப் பழக்கலாம்” என்றார் மருத்துவர்.

இதை இங்கே ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்? காது கேட்காத பிள்ளைகள் எல்லாருக்கும் இப்படி இருக்கும் என்று அர்த்தமில்லை. ஆனால் அவர்களில் பல பேருக்கு இருக்கிறது, இருப்பது வெளியே தெரிவதில்லை. கழுத்து நிற்கத் தாமதமா? நடக்கத் தாமதமா? இருட்டில் சுவரைப் பிடிக்கிறதா? மணலில் தடுமாறுகிறதா? சோம்பேறி என்று சொல்லாதீர்கள், பயந்தாங்கொள்ளி என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து அடிக்காதீர்கள். காது டாக்டரிடம் காட்டி, நிலையையும் சோதித்துப் பாருங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். இன்னொன்று, இதை மட்டும் மனத்தில் முடிந்து வையுங்கள் தாய்மார்களே. இந்தப் பிள்ளைகளைத் தனியே கிணற்றிலோ ஏரியிலோ குளிக்க விடாதீர்கள். தண்ணீருக்குள் கண்ணை மூடினால் மேற்புறம் எது என்று அவர்களுக்குத் தெரியாது. பூலாம்பாடியிலிருந்து வரதராஜன்பேட்டை வரை நம் பக்கத்தில் கிணறு இல்லாத ஊர் உண்டா? பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும்.

மருத்துவர் பயிற்சி எழுதிக் கொடுத்தார். சுவரில் ஓர் எழுத்தை ஒட்டிவைத்து, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். கோட்டின் மேல் நடக்க வேண்டும், பிறகு மணலில் நடக்க வேண்டும். மூன்று வருடம், ஒரு நாள் விடாமல் செய்தாள். நான் விசில் ஊதவில்லை, யாரும் அதட்டவில்லை, அவளாகச் செய்தாள். மழை நாளில் வகுப்பறைக்குள் பெஞ்சை ஒதுக்கிவிட்டுச் செய்தாள்.

அடுத்து நான் சொல்லப்போவது சாந்தா அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. அய்யாக்கண்ணு, அம்மாவைத் திட்டக்கூடாது. போன ஆண்டு முதல் மாலை நாலரை மணிக்கு, வெளிச்சத்தில், இந்த மைதானத்தில், என் பழைய சைக்கிளில் வெற்றிச்செல்வி சைக்கிள் பழகினாள். ஓட்டப்பந்தயத்துக்குச் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவோமே, அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டினாள். விழுந்தாள். மற்றப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் பழகுவதற்கு இவளுக்கு நான்கு மாதம் ஆனது. முழங்காலில் தோல் போனது. “ஸ்கூல்ல தடுக்கிருச்சு” என்று வீட்டில் சொன்னது சாந்தா அம்மா. அந்தக் காயத்துக்கெல்லாம் மருந்து போட்டது நான். இப்போது இந்த மைதானத்தை ஆறு சுற்றுச் சுற்றுகிறாள், கோடு இல்லாமலே சுற்றுகிறாள்.

பிறகு ஏன் அந்தத் தகப்பன் வண்டி வேண்டாம் என்கிறார்? பிடிவாதமா? பொட்டைப்பிள்ளைக்கு எதற்கு என்கிற எண்ணமா? இல்லவே இல்லை. அவர் மனத்தில் ஒரு கேள்வி நிற்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் டீக்கடையில் அதை என்னிடம் கேட்டார்.

“சார், டாக்டரம்மா சொன்னது எல்லாம் சரி. கண்ணு தொறந்திருந்தா நிப்பான்னு சொன்னாங்க. அப்ப அன்னிக்குப் பட்டப்பகல்ல, வெளிச்சத்துல, கண்ணு தொறந்திருக்கையில அவ ஏன் சார் உழுந்தா?”

எவ்வளவு நியாயமான கேள்வி! எவ்வளவு நேரான கேள்வி! நான் என்ன பதில் சொன்னேன்? டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “காலு வழுக்கிடுச்சுய்யா” என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சில்லறையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பெரியோர்களே, தாய்மார்களே, அவள் கால் வழுக்கவில்லை.

அன்று காலை கோபுரம் ஏறுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு எனக்கு ஒரு ஆசை வந்தது. வெறுமனே கையை விரித்து நின்றால் போதுமா? உயிர்நீத்த தியாகிகளுக்கு உச்சியில் நின்று ஓர் அஞ்சலி செலுத்தினால் எவ்வளவு உருக்கமாக இருக்கும்? வெற்றிச்செல்வியைத் தனியே கூப்பிட்டேன். “நீ கைய விரிச்சதும் நான் ஒரு விசில் குடுப்பேன். கைகூப்பி, கண்ண மூடி, பத்து எண்ணு” என்றேன். பயிற்சியில் ஒரு தடவைகூடச் செய்து பார்க்காத ஒன்று. அவள், “கண்ண மூடணுமா சார்?” என்று கேட்டாள். கேட்டாள், இந்தக் காதால் கேட்டேன். “சொன்னதச் செய்” என்றேன்.

விசில் ஊதினேன். அவள் கண்ணை மூடினாள்.

ஆஸ்பத்திரியில் சாந்தா அம்மா மருந்து வாங்கப் போன நேரத்தில் அவள் என்னிடம் சொன்னாள். “கண்ண மூடுனேன் சார். கீழ எதுன்னே தெரியல. எல்லாம் காணாமப் போயிடுச்சு.” சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னாள். “அப்பாட்ட சொல்லல சார். சொன்னா உங்கள வந்து அடிச்சிடுவாரு.” பதிமூன்று வயதுப் பெண், முறிந்த கையோடு என்னைக் காப்பாற்றினாள். ஐம்பது வயதைத் தாண்டிய நான் அவளைக் காட்டிக்கொடுத்து, கால் வழுக்கியதாக எழுதிவைத்தேன். எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அய்யாக்கண்ணு! பதினோரு நாளும் கண் திறந்திருந்தது, உங்கள் மகள் விழவில்லை. பன்னிரண்டாம் நாள் கண்ணை மூடச் சொன்னேன், விழுந்தாள். அவளைத் தள்ளியது அவள் காது இல்லை. அவள் கவனக்குறைவும் இல்லை. என் விசில். டாக்டரம்மா சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி. உங்கள் கேள்விக்கு இரண்டு வருடம் கழித்துப் பதில் சொல்கிறேன். ஊரார் முன்னிலையில் உங்களிடமும், சாந்தா அம்மாவிடமும், அந்தப் பெண்ணிடமும், அன்று நான் திட்டிய ஒன்பது பிள்ளைகளிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். பரிமளா அம்மா, பதிவேட்டை நாளைக் காலை நானே திருத்தி எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு என்ன நடவடிக்கையோ எடுங்கள்.

யாரும் சத்தம் போடாதீர்கள். அய்யாக்கண்ணு எழுந்து நிற்கிறார். உட்காரச் சொல்லாதீர்கள், அவர் பேசட்டும். ஒலிவாங்கி அவ்வளவு தூரம் எட்டாது, அவர் சொல்வதை நான் அப்படியே உங்களுக்குத் திருப்பிச் சொல்கிறேன்.

“சைக்கிள் பழகுனது எனக்குத் தெரியும் சார்” என்கிறார். தெரியுமா! “பாவாட பூராச் சுண்ணாம்பு. கொத்தனுக்குச் சுண்ணாம்பு தெரியாதா? என் வேலச் சட்டையிலேர்ந்து ஒட்டிக்கிச்சுன்னு இவ அம்மா சொல்றா. நான் அந்த வாரம் முழுக்க டைல்ஸ் வேல பாத்தேன்.” சிரியுங்கள், சிரியுங்கள். சாந்தா அம்மா, நாம் இருவரும் மாட்டிக்கொண்டு ஒரு வருடம் ஆகிறது!

இன்னும் சொல்கிறார். “ஒரு செவுரு உழுந்துச்சுன்னா, ஏன் உழுந்துச்சுன்னு தெரியாம அதே எடத்துல திரும்பக் கட்ட மாட்டோம் சார். அதான் வேணாம்னு எழுதுனேன். யாராச்சும் காரணம் சொல்லுவாங்களான்னு பாத்தேன். மூணு வருஷமாச்சு.”

அய்யாக்கண்ணு, உங்களை அப்படிக் காக்க வைத்ததற்கும் சேர்த்து இங்கேயே கும்பிடுகிறேன்.

அடுத்துக் கேட்கிறார். “இருட்டுனா என்ன சார் பண்ணுவா? மெயின் ரோட்டுல கல்லு லாரி வருது.” நியாயம். மழுப்பாமல் பதில் சொல்கிறேன். இருட்டில் அவள் ஓட்டக்கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும், கையில் விளக்கும் இருக்க வேண்டும், அது அவளுக்கே தெரியும். மெயின் ரோடு வேண்டாம், ஏரிக்கரைப் பாதை போதும். மாலைச் சிறப்பு வகுப்பிலிருந்து வெளிச்சம் இருக்கும்போதே அவளை விட்டுவிட வேண்டும் என்று தலைமை ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். பரிமளா அம்மா தலையசைத்துவிட்டார்கள். ஏரிக்கரை முனையில் எரியாமல் நிற்கிற அந்த ஒற்றை விளக்கு... தலைவர் அண்ணன் கையைத் தூக்கிக் காட்டுகிறார், நான் முடிப்பதற்குள்ளேயே! இந்த வாரமே எரியும் என்கிறார். நன்றி அண்ணா. இந்தப் பிள்ளைகளுக்கு நாம் கையைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியதில்லை, நடக்கிற பாதையில் வெளிச்சம் போட்டால் போதும்.

அய்யாக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வருகிறார். எங்கே போகிறீர்கள்? வாசல் பக்கம் போகவில்லை. கொடிக்கம்பத்தைத் தாண்டிப் போகிறார். கடைசி வண்டியிடம் போய்விட்டார். குனிந்து பார்க்கிறார், ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார், சுவரைப் பார்க்கிற மாதிரியே பார்க்கிறார். ஹேண்டிலை ஆட்டிப் பார்க்கிறார். என்ன கேட்கிறார்? ஸ்பேனரா? வண்டி பூட்டிய மெக்கானிக் தம்பி, ஐயாவுக்கு ஸ்பேனர் கொடு, ஓடு!

“சீட்டு ஒசரமா இருக்கு சார். நிறுத்துனா ரெண்டு காலும் தரையில ஊனணும் அவளுக்கு” என்கிறார்.

உட்கார்ந்து சீட்டை இறக்குகிறார். அளவு பார்க்க மகளைக் கூப்பிடுகிறார். போ வெற்றிச்செல்வி, அப்பா கூப்பிடுகிறார், போய் நில். ஏறி உட்கார்ந்து காலை ஊன்றிப் பார். இன்னும் கொஞ்சம் இறக்கச் சொல்கிறாளாம். இறக்குகிறார். பரிமளா அம்மா, அந்தப் பெயர்ச்சீட்டை நீங்களே உங்கள் கையால் ஒட்டிவிடுங்கள்.

எனக்குக் கொடுத்த பத்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. தலைமை தாங்கிய அம்மையாருக்கும், விளக்குக்கு வாக்களித்த தலைவருக்கும், என் குற்றத்தைக் குறுக்கே பேசாமல் கேட்ட பெரியோர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்ட தாய்மார்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. எல்லா வண்டிகளும் புறப்படுவதற்கு விசில் ஊத வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். நான் ஊதப்போவதில்லை. வெற்றிச்செல்வி, உன் வண்டியில் மணி இருக்கிறது. அப்பா சீட்டை இறுக்கி முடித்ததும் நீ அடி, அறுபத்து நான்கு வண்டியும் உன் மணிக்குக் கிளம்பட்டும். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு போ, தாயி.

எல்லாருக்கும் வணக்கம்.